லேபிளில் இருக்கிற கோல்கீப்பர்

நீலக்குதிரை மார்க் பட்டாசுக் கம்பெனியின் கால்பந்து அணி ஏ டிவிஷனிலிருந்து பி டிவிஷனுக்கு இறங்கிய அன்று, அதன் செயலாளர் ராஜபாண்டியன் முதலில் போன் போட்டது எனக்கு. பந்தை எந்தக் காலால் உதைக்க வேண்டும் என்றுகூட அறியாதவன் நான். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். "அண்ணாச்சி, நம்ம லேபிள் எம்புட்டு ஓடியிருக்கு?" என்று கேட்டான். எல்லாம் ஓடி, வார்னிஷ் அடித்து, கட்டிங்கும் முடிந்து உங்கள் குடோனுக்கே வந்துவிட்டதே என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அணி தோற்றதற்கு அவன் அனுஷ்டித்த துக்கம் அந்த மௌனத்தோடு முடிந்தது.

ராஜபாண்டியன், முதலாளி ஜெயச்சந்திரனின் அக்கா மகன். கோயம்புத்தூரில் ஏதோ நிர்வாகப் படிப்பு படித்துவிட்டு வந்தவன். ஆலையில் உட்கார வைத்தால் ஆபத்து, கணக்கில் உட்கார வைத்தால் அதைவிட ஆபத்து என்று கால்பந்துக் கழகத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த லேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் தீபாவளி ஐப்பசியில் வரும். எங்களுக்குத் தை மாசமே லேபிள் வேலை தொடங்கிவிடும். அடுத்த வருஷத்துக் காலண்டரை இந்த வருஷம் ஆடியிலேயே அடித்து முடிக்கிற ஊர் இது. இப்படியே வாழ்ந்து பழகியதில், அச்சில் வந்துவிட்டால் அது நடந்தே தீரும் என்று ஒரு நினைப்பு எங்கள் ஆட்களுக்கு. ஜெயச்சந்திரனுக்கு அது கொஞ்சம் முற்றிப் போயிருந்தது. கிஃப்ட் பாக்ஸ் லேபிளில் அணியின் படத்தைப் போடச் சொன்னார். நீலச் சட்டையில் ஆட்கள் வரிசையாக நிற்க, முன்னால் கோல்கீப்பர் பக்கவாட்டில் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறார். அடியில் தங்க எழுத்தில், "ஏ டிவிஷன் லீக் அணியின் பெருமைமிகு தயாரிப்பு". அணி எப்படி ஐயா பட்டாசு தயாரிக்கும் என்று கேட்டேன். சிரித்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்தால், உண்மையில் ஆலையில் வேலை பார்க்கிற அந்த ஆட்டக்காரர்கள்தான் தயாரித்தார்கள்.

லீக் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது, ஏ டிவிஷன் என்கிற வார்த்தையை மட்டும் விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நாம எறங்குவமா அண்ணாச்சி?" என்று ராஜபாண்டியன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். முதலாளி தங்க எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

அந்தப் படத்தில் பாய்கிற கோல்கீப்பர் கோட்டைச்சாமியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலாளிமார் வழக்கம்போல் முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

கோட்டைச்சாமிக்கு ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்கு, விவசாயக் கூலிக்குப் போனவர்கள். மழை கைவிட்ட பிறகு பட்டாசு ஆலைக்கு மாறினார்கள். கண்மாய் வற்றியதும் அதில் இறங்கிப் பந்து விளையாடுகிற கூட்டத்தில் இவருக்கு எப்போதும் கோல்கீப்பர் இடம்தான். கட்டாந்தரையில் விழுந்து பிடிக்க வேறு யாருக்கும் மனசு வராது. பள்ளிக்கூடத்தை விட்டபின் நீலக்குதிரை ஆலையில் மருந்து கலக்கிற அறையில் வேலை.

அந்த அறைக்குள் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் வாசல் வரைக்கும்தான் போயிருக்கிறேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றையும் சல்லடையில் போட்டுக் கையால் சலித்துச் சேர்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரு கல் உரசினால் போதும், ஒரு வாளி நழுவினால் போதும். அந்த அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளி இருக்கும், அந்த வழியாகப் போகிறவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள். வேலை முடிந்து வெளியே வருகிற ஆள் தலை முதல் கால் வரை வெள்ளியாக இருப்பார். கூலி மற்ற வேலையைவிட அதிகம். ஏன் அதிகம் என்று எவரும் கேட்பதில்லை.

மாரிசெல்வியைப் பெண் கேட்டுப் போனபோது அவர் கலவைக்காரர்தான். மாரிசெல்வியின் அண்ணன் காளீஸ்வரனும் வேறோர் ஆலையில் கலவைக்காரராக இருந்தவர். ஒரு நாள் அறை பற்றிக்கொண்டது. உயிர் தப்பியது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அம்மா ஊட்டிவிடுகிறார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகவே சொன்னார், கலவைக்காரனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று. கோட்டைச்சாமி காபியைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி அணியின் கோல்கீப்பருக்குக் கால் முறிந்தது. யாரோ கோட்டைச்சாமியின் பெயரைச் சொன்னார்கள். கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏ டிவிஷனில் ஆடுகிற ஆளுக்கு பேக்கிங் பிரிவில் இடம் கிடைக்கும். அங்கே ஃபேன் உண்டு, உட்கார்ந்து செய்கிற வேலை, கையில் மருந்து படாது. ஆட்டக்காரருக்கு அடிபடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, கருணையால் அல்ல. கோட்டைச்சாமி ஒரு சீசன் விளையாடிவிட்டு மறுபடி பெண் கேட்டுப் போனார். இந்த முறை கல்யாணம் நடந்தது. பெண் குழந்தை பிறந்தது, அனுப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறவரை கலவை அறைக்கு வெளியே நிற்கலாம். அவருடைய குடும்ப வாழ்க்கை மொத்தமும் இந்த ஒரு ஏற்பாட்டின்மேல் நின்றது.

ஜெயச்சந்திரன் மேடை கிடைத்தால் விளையாட்டுக்காக உயிரையே கொடுப்பதாகப் பேசுவார். உயிரை யார் கொடுத்தார்களோ, பணத்தை அவர் கொடுக்கவில்லை. கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற காகித வியாபாரிகள், லாரி ஆபீஸ்காரர்கள், என் அச்சக முதலாளி உட்பட எல்லோரும் மைதானத்தைச் சுற்றி விளம்பரப் பலகை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த ஆர்டர் வராது. அந்தக் காசில்தான் சட்டை, பந்து, பஸ் வாடகை, ஆட்டக்காரர்களின் சாப்பாடு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வடக்கத்தி ஏஜென்டுகளை அழைத்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நம்ம டீம் என்று காட்டுவார். ஆட்டம் முடிவதற்குள் எழுந்து விருதுநகருக்கு எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போய்விடுவார்கள். கழகம் அவருக்கு ஒரு பைசா செலவில்லாத விளம்பரம்.

இறங்கிய கதையையும் கேளுங்கள். விருதுநகர் பங்குனிப் பொங்கல் முடிந்த மறு ஞாயிறு கடைசி ஆட்டம். டிரா செய்தாலே போதும். சனிக்கிழமை அவசரமாக ஒரு லோடு கிளம்ப வேண்டியிருந்தது. லோடுமேன்கள் திருவிழாவிலிருந்து திரும்பவில்லை. ஆட்டக்காரர்களை லாரி ஏற்ற நிறுத்திக்கொண்டார்கள். நாளைக்கு ஆட்டம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, லோடு ஏற்றினால் உடம்பு நன்றாகச் சூடேறும் என்று ராஜபாண்டியன் விளக்கம் சொல்லியிருக்கிறான். நிர்வாகம் படித்தவன் அல்லவா. மறுநாள் கடைசி நேரத்தில் பின்வரிசை ஆளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அவரைத் தாண்டி வந்த பந்து கோட்டைச்சாமியின் விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. ஜெயச்சந்திரன் அன்று மைதானத்துக்கு வரவேயில்லை.

அதே வாரத்தில் விளம்பரப் பலகைகள் கழன்றன. பி டிவிஷன் ஆட்டம் கண்மாய்க்குள் நடக்கும். கண்மாய்க்குள் நாற்காலி போட்டு எந்த ஏஜென்ட் உட்காருவான்? லாரி ஆபீஸ்காரர் தன் பலகைத் துணியை எடுத்துப் போய் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார். அந்த மாட்டுக்காவது அது உபயோகப்பட்டது. சாப்பாடு நின்றது, பஸ் நின்றது. ஆனால் மாமாவும் மருமகனும் கவலைப்பட்டது குடோனில் கிடந்த லேபிளுக்காக மட்டும். ஏ டிவிஷன் என்று தங்க எழுத்தில் போட்டுவிட்டு பி டிவிஷனில் கிடந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் சிரிப்பானே. மறுபடி அடிக்க எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். ராஜபாண்டியன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்குப் போட்டான். அதில் பாதிக்கு ஏ டிவிஷன் இடத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று கண்டுபிடித்தான்.

ஆமத்தூரில் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய ஓர் அணி ஏ டிவிஷனில் இருந்தது. அதை நடத்திய ஊர்க்காவலன் டூவீலர் மெக்கானிக். அடுத்த சீசன் பஸ் வாடகைக்கே வழியில்லாமல் இருந்தார், இடத்தைக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லீக் விதிப்படி இடத்தோடு அந்த அணியின் ஆட்டக்காரர்களும் வந்தாக வேண்டும். ஆக, நீலக்குதிரை ஒரு பந்தையும் உதைக்காமல் மறுபடி ஏ டிவிஷனுக்கு வந்துவிட்டது. லேபிள் பிழைத்தது. அந்த லேபிளில் முகம் இருக்கிற ஆட்கள்தான் அணியில் இல்லை. பேக்கிங் நாற்காலிகள் ஆமத்தூர்ப் பையன்களுக்குப் போயின. கோட்டைச்சாமியிடம் சூப்பர்வைசர் சொன்னது ஒரே வாக்கியம், கலவையில் ஓர் இடம் காலி இருக்கிறது.

அவர் போனார். இங்கே எனக்கு அவர்மேலும் கோபம்தான். வேறு ஆலைகளில் கேட்டாராம், எல்லா இடத்திலும் நீ கலவைக்காரன்தானே என்று அதே அறையைக் காட்டினார்களாம். உனக்கு வேறு வேலையே தெரியாதா என்று கேட்டேன். வீட்டில் ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு, ஆலைத் தொட்டியிலேயே தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அலுமினியப் பவுடர் அப்படி லேசில் போகிற சாமான் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது மாரிசெல்வி அவருடைய காது மடலை மடக்கிப் பார்த்தார். மடிப்புக்குள் வெள்ளியாக ஒரு கோடு. எண்ணெய் தேய்த்து முடித்து, வெந்நீர் ஊற்றி, சோறு போட்டுவிட்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு மல்லாங்கிணறுக்கு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். மருந்தை விட்டுவிட்டு வந்தால் வருகிறேன், அதுவரை வந்து கூப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த வீட்டில் தினமும் அண்ணனுக்கு ஊட்டுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் வேறு என்ன சொல்வார்?

கோட்டைச்சாமி என்னைத் தேடி அச்சகத்துக்கு வந்தார். லேபிளுக்குப் படம் எடுத்தபோது ஏற்பட்ட பழக்கம். போட்டோகிராபருக்குத் திருப்தி வருகிற வரைக்கும், முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வர வர, முகம் சுளிக்காமல் பாய்ந்துகொண்டே இருந்த மனுஷன். எனக்காக முதலாளியிடம் பேசுங்கள் என்றார். பேசினேன். முதலாளி என்னை ராஜபாண்டியனிடம் அனுப்பினார், ராஜபாண்டியன் பேக்கிங் ஃபுல் என்றான். முதலாளியை நேரில் பார்க்கிற சந்தர்ப்பம் கிடைத்தால் நானே கேட்டுவிடுவேன் என்று கோட்டைச்சாமி சொல்லிக்கொண்டிருந்தார். ஆலைக்குள் முதலாளி கலவை அறைப் பக்கம் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

சந்தர்ப்பம் வேறு விதமாக வந்தது. ஆடி மாதம், வடக்கத்தி ஏஜென்டுகள் ஆர்டர் கொடுக்க வருகிற நேரம். சாத்தூர் ரோட்டில் கம்பெனிக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது, முன்னால் புல்தரை. அன்று மதியம் அங்கே விருந்து. விலைப்பட்டியலின் புரூஃபைக் காட்ட நானும் போயிருந்தேன். எல்லோரும் புல்தரையில் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். கான்பூரிலிருந்து வந்த பெரிய ஏஜென்ட் கிஃப்ட் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த கோல்கீப்பரை நான் பார்க்க வேண்டும், கூட நின்று போட்டோ எடுத்துக் கடையில் மாட்ட வேண்டும் என்றார். ஜெயச்சந்திரனுக்கு வாயெல்லாம் பல். உடனே கூட்டி வரச் சொல்லி ஆலைக்குப் போன் போனது. நான் இருவரிடமும் போய்ப் பேசியிருந்தும், அந்தக் கோல்கீப்பர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று மாமாவுக்கும் ஞாபகமில்லை, மருமகனுக்கும் ஞாபகமில்லை. லேபிளில் பாய்கிறவர் லேபிளிலேயே குடியிருப்பதாக நினைத்திருப்பார்கள்.

முதலாளி உடனே வரச் சொல்கிறார் என்றதும் ஆலையில் பயந்துபோய், சலித்துக்கொண்டிருந்தவரை அப்படியே கிளப்பிவிட்டார்கள், கை கழுவக்கூட விடவில்லை. மேலெல்லாம் மருந்து ஒட்டியிருப்பதன் ஆபத்து டிரைவருக்கு மட்டும் உறைத்தது. அவன் காரில் ஏற்றாமல் லோடு ஆட்டோவின் பின்னால் நிற்க வைத்துக் கூட்டி வந்தான்.

கோட்டைச்சாமி கேட்டுக்குள் வந்தபோது வெயிலில் ஜொலித்தார். தலைமயிர், புருவம், சட்டை, கை எல்லாம் வெள்ளி. கான்பூர்க்காரர் இது ஏதோ வேஷம் என்று நினைத்துக் கை தட்டினார். ராஜபாண்டியன் நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான். ஏஜென்ட் உற்சாகத்தில் ஒரு சிகரெட்டை வாயில் வைத்து லைட்டரை எடுத்தபடி அவரை நோக்கி நடந்தார்.

கோட்டைச்சாமி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "அவுகள அங்கனயே நிக்கச் சொல்லுங்க. நான் கலவையிலருந்து நேரா வாரேன்."

பட்டாசு முதலாளிகளுக்கு எது புரியாவிட்டாலும் இது புரியும். ஜெயச்சந்திரன் பாய்ந்து ஏஜென்டின் கையிலிருந்த லைட்டரைத் தட்டிவிட்டார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே பாய்ச்சல் அதுதான். ராஜபாண்டியன் சட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் வந்து ஒரு நாற்காலியில் இடறி விழுந்தான். விருந்துக்கு வந்திருந்த ஒரு காகித வியாபாரி வராந்தாத் தூணுக்குப் பின்னால் போனார். நானும்தான் நாலடி தள்ளிப் போனேன், மறைப்பானேன். ஒரு நிமிஷத்தில் புல்தரை காலியாகி, நடுவில் அவர் மட்டும் நின்றார்.

"போய்க் கழுவிட்டு வாலே," என்று முதலாளி வராந்தாவிலிருந்து சொன்னார்.

கோட்டைச்சாமி நெடுநாளாய் மனசில் வைத்திருந்ததை அங்கேயே கேட்டார். "கழுவிருதேன் மொதலாளி. எனக்கு பேக்கிங்குல பழைய எடத்தத் திருப்பிக் குடுங்க. எம் பொண்டாட்டி பிள்ள வீட்டுக்கு வந்துரும்."

சொல்லிக்கொண்டே, மரியாதைக்காக, ஓர் அடி முன்னால் வைத்தார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அவர் அதைப் பார்த்தார். இன்னும் ஓர் அடி வைத்தார். அவர்களும் இன்னும் ஓர் அடி போனார்கள், முதலாளியின் முதுகு சுவரில் முட்டியது. "சீசன் முடியட்டும், பாப்போம்," என்றார் முதலாளி, சுவரோடு ஒட்டிக்கொண்டு. கோட்டைச்சாமி திரும்பி, கீழே கிடந்த நீலச் சட்டையைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். வராந்தாவில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கான்பூர்க்காரரிடம் இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று ராஜபாண்டியன் முழித்துக்கொண்டிருந்தான். நான் புரூஃபை மேஜைமேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

ரோட்டோரத்தில் ஒரு பம்ப்செட்டைக் கண்டு அவர் ரொம்ப நேரம் குளித்தார். என் பையிலிருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். எங்கே என்று கேட்டதற்கு மல்லாங்கிணறு என்றார். ஆமத்தூரில் டீ குடித்தோம். டீக்கடைச் சுவரில் நீலக்குதிரை போஸ்டர், அதில் அவர் பாய்ந்துகொண்டிருந்தார். டீக்கடைக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. விருதுநகர் தாண்டி மல்லாங்கிணறு ரோட்டைப் பிடித்தோம்.

மாரிசெல்வி வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தாரே தவிர வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே காளீஸ்வரனுக்கு அம்மா சோறு ஊட்டுகிறது தெரிந்தது. கோட்டைச்சாமி வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். பேக்கிங்கில் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னார். இனிமேல் அந்த ஆலைக்குப் போவதாக இல்லை, விருதுநகரில் பருப்பு மில்லில் மூட்டை தூக்கக் கேட்கப் போகிறேன் என்றார்.

"நான் ஒரு அடி வச்சா அம்புட்டுப் பேரும் பின்னால போறாக செல்வி. தெனமும் நான் நிக்கிற எடத்துல அவுகளால ஒரு நிமிசம் நிக்க முடியல."

மாரிசெல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஜெயச்சந்திரன்மேலும் ராஜபாண்டியன்மேலும் எவ்வளவு இளக்காரம் இருந்ததோ, அதே அளவு கணவர்மேலும் இருந்தது.

"அவுக பின்னால போனாக. நீங்க ஏன் இம்புட்டு நாளா போகல?"

மாரிசெல்வி கிட்டே வந்து, அவருடைய காதைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பம்ப்செட்டில் அவ்வளவு குளித்தும் மடிப்புக்குள் வெள்ளி இருந்தது. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, அது போகிற வரைக்கும் அழுத்தித் துடைத்தார். பிறகுதான் சாப்பிட உள்ளே வரச் சொன்னார்.